புகைந்த கோட்டுக்குப் பொறுப்பேற்றவர்

செவ்வாய்க்கிழமை காலை பையன்களைக் கை தூக்கி நிற்க வைத்திருந்தேன். அப்போது பியூன் வந்து, கெமிஸ்ட்ரி வாத்தியார் சங்கரநாராயண ஐயர் விடியற்காலையில் காலமாகிவிட்டார் என்றான். கையை இறக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கால் மணி நேரம் பொறுத்து ஒரு பையன், "சாரே, கை கழைக்குது, வலிக்குது" என்ற பிறகுதான் சுயநினைவு வந்தது. வகுப்பைக் கலைத்துவிட்டு, கோட்டைக்குள் இருந்த அவர் வீட்டுக்கு நடந்தேன்.

ஐயர் அவர்கள் ஜன்மத்தில் ஒரு பந்தை உதைத்தவரில்லை. ஆனாலும் கோட்டு, தலைப்பாகை, குடை சகிதம் ரசாயனத்தைக் கிரவுண்டில்தான் நடத்துவார். நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாளச் சீமைக்கு நான் டிரில் மாஸ்டராக வந்து சேர்ந்த முதல் வாரமே என்னிடம் வந்தார். "பிள்ளைவாள், உம்ம கபடிக்காராளை அரைமணி தாரும். சூடு எங்கேர்ந்து வரதுன்னு காட்டணும்."

நாலு பேரைக் கைகோத்து நிறுத்தி, மற்றவர்களைப் பிரிக்கச் சொன்னார். பிரித்தவர்களுக்கு வேர்த்துக் கொட்டியது. "பிணைப்பைப் பிரிக்கணும்னா சூட்டை உள்ளே வாங்கிக்கும். புதுசாச் சேர்ந்தா வெளியே விடும். எது ஜாஸ்திங்கறதுதான் பாடம், கேட்டேளா?" பரீட்சையில் ஒருவன் ஹைட்ரஜனை ரைட் விங்கில் ஆட விட்டு எழுதியிருந்தான். ஐயர் அதற்கும் மார்க் போட்டார்.

என் வேலை அப்போது தற்காலிகம். இன்ஸ்பெக்டர் வந்து ஒரு புட்பால் மாட்ச் பார்த்துவிட்டு, பள்ளிக்கு டிரில் மாஸ்டர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு சொல்வதாக இருந்தது. அன்று காலை கோடு போடப் பொடி தீர்ந்திருந்தது. லாபரட்டரி மூலையில் கிடந்த ஒரு சாக்கை யாரையும் கேட்காமல் தூக்கி வந்தேன். சுண்ணாம்பு எல்லாம் ஒன்றுதான் என்பது என் அறிவு. அது ஐயர் பாடத்துக்கு வைத்திருந்த, தண்ணீர் பட்டால் கொதிக்கும் நீற்றாத சுண்ணாம்பு.

இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. சிறிது நேரத்தில் நாலு பக்கமும் கோடு புகைந்தது. வெறுங்காலோடு ஆடிய பையன்கள் ஓரத்துக்கே போகவில்லை. கோல் காக்கும் கோலி மட்டும் கடமை தவறாமல் கோட்டின் மேல் நின்று, பிறகு கத்திக்கொண்டு ஓடினான். இன்ஸ்பெக்டர் எழுந்து, "இது யாருடைய ஏற்பாடு?" என்றார். ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

குடையோடு ஐயர் ஓடிவந்தார். "என் ஏற்பாடு. சூட்டை வெளியே விடற வினை. பையன்களுக்குப் பாடம்." சொல்லிக்கொண்டே கோலியின் காலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பிறகு லாபரட்டரியிலிருந்து நவச்சாரம் எடுத்துவரச் செய்து, அதைக் கரைத்த வாளிக்குள் அந்தக் காலை வைத்தார். "இது சூட்டை உள்ளே வாங்கற வினை. கை வச்சுப் பாருங்கோ." இன்ஸ்பெக்டர் கை வைத்தார். தண்ணீர் ஜில்லென்றிருந்தது. ஆனால் காலில் ஒட்டியிருந்த மிச்சச் சுண்ணாம்பும் நவச்சாரமும் சேர்ந்து அம்மோனியா கிளம்ப, சுற்றி நின்ற அத்தனை பேர் கண்ணிலும் தாரை தாரையாக நீர். பாடத்தில் இன்ஸ்பெக்டர் உருகிவிட்டதாக எங்கள் மலையாளம் வாத்தியார் கடைசிவரை நம்பினார்.

கோலிக்கு ஒரு கொப்புளத்தோடு போயிற்று. என் வேலை நிரந்தரமானது. ஆபத்தான பரிசோதனை செய்தார் என்று ஐயரின் சர்வீஸ் புத்தகத்தில் ஹெட்மாஸ்டர் எழுதினார். அவருக்கு வரவேண்டிய பெரிய உத்தியோகம் வேறொருவருக்குப் போயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். "பேடிக்காதேயும், பயம் வேண்டாம். நீர் போனா கிரவுண்டும் போயிடும். நான் எங்கே போய்ப் பாடம் நடத்தறது? நான் இருக்கிற வரை வாயைத் திறக்கப்படாது" என்று காபி கொடுத்து அனுப்பினார். திறக்கவில்லை. அந்த வெட்கம் என்னை விட்டதுமில்லை.

நேற்று ஹெட்மாஸ்டரிடம் போய், சாக்கை எடுத்தவன் நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளே, அன்னிக்கு உம்ம கையும் நிக்கரும் வெள்ளை வெளேர்னு இருந்தது. அய்யர் போட்டிருந்த கோட்டில ஒரு பொட்டுகூட இல்லை. எனிக்கும் தெரியும், இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். அய்யர்தான் சம்மதிக்கலை. என் பேரை எழுதுங்கோன்னு இங்கேயே நின்னார்."

போய் வாருங்கள், ஐயர் சாரே. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் இத்தனை வருஷம் உங்களுக்காக நான் ஒளித்து வைத்திருந்தேன்.