எழும்பாத எஸ் கோடு

1. ஆர்டர் வந்த நாள்

சென்னையில் சீக்வென்சிங் ட்ரெயினிங் என்று ஆர்டர் வந்து, அதில் ரேகாவின் பெயர் இருந்த அன்று மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் எங்கள் லேபில் கொரோனா டெஸ்ட் ஆரம்பித்தபோது முதல் கிட்டைப் பிரித்தவள் நான். ரேகா இரண்டாம் அலையின்போது கான்ட்ராக்டில் வந்தவள். துளி அளக்கும் பிப்பெட்டைப் பிடிக்கவே நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"உங்களுக்குக் குடும்பம் இருக்கு, போய்த் தங்க முடியாதுன்னுதான் அவளைப் போட்டேன்" என்றார் லேபின் தலைவரான மைக்ரோபயாலஜி மேடம்.

என்னைக் கேட்டீர்களா என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரேகா திரும்பி வந்ததும் எல்லோருக்கும் அவள்தான் டீச்சர். "நம்ம டெஸ்ட்டு வைரஸ் இருக்குதா இல்லியான்னு சொல்லும். சீக்வென்சிங் அது எந்த வகை, எதோட சொந்தம்னு சொல்லும்" என்று வார்டு டாக்டர்களுக்கே விளக்குவாள். எந்த பாசிட்டிவ் சாம்பிளைச் சென்னைக்கு அனுப்புவது என்று அவள்தான் பொறுக்கி எடுப்பாள். தெர்மாக்கோல் பெட்டியின் மேல் அவள் கையெழுத்து இருக்கும். அந்தப் பெட்டியை டேப் போட்டு ஒட்டும் வேலை எனக்கு. ஒட்டும்போது எனக்குள் எரிந்ததற்குப் பொறாமை என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

2. எஸ் டிராப்

மூன்றாவது அலை தொடங்கியபோது புதுக் கிட் வந்தது. அது வைரஸின் மூன்று ஜீன்களைத் தேடும். வைரஸ் இருந்தால் கம்ப்யூட்டர் திரையில் மூன்று கோடுகள் எழும்பும். புதிதாகப் பரவும் வகையில் எஸ் ஜீனின் கோடு மட்டும் எழும்பாது என்று சர்க்குலரும் வந்திருந்தது.

கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊருக்கு ரேகா போய் எடுத்து வந்த சாம்பிள்கள் ஒரு நாள் மெஷினில் ஓடின. பாசிட்டிவ் வந்த எல்லாவற்றிலும் இரண்டு கோடுகள்தான்.

"மேடம், எஸ் டிராப், எஸ் கோடே எழும்பல" என்று ரேகா ஓடி வந்தாள்.

நான் விடவில்லை. "மலையில இருக்கறவங்க இன்னா, ப்ளேன்ல போய் வந்தாங்களா? அந்தப் புது வகை கள்ளக்குறிச்சிக்கே இன்னும் வரல. கிட்டுல மிக்ஸ் போடும்போது இவ எதையோ வுட்டுட்டா மேடம்."

ரேகாவின் முகம் சுருங்கியது. கான்ட்ராக்ட் முடியும் சமயம். தவறான ரிப்போர்ட் போனால் அதை நீட்டிக்க மாட்டார்கள். அது தெரிந்துதான் சொன்னேன்.

மேடம் இருவரையும் பார்த்தார். "அப்ப நீங்களே மலைக்குப் போங்க. புதுசா எடுத்து, நீங்களே ஓட்டுங்க" என்றார் என்னிடம்.

3. அலமேலு கேட்டது

ஜீப்பில் மலை ஏறிப் போய் இறங்கியதும் அலமேலு என்கிற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னிக்கி வந்த பொண்ணு வரலீங்களா? மூக்குல குச்சி வுட்டதே தெர்ல. நல்லாப் பேசுச்சு."

மலை மேலேயும் ரேகாதான். நான் கையுறையை மாட்டினேன்.

அலமேலு வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல் இருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"கடுக்கா எடுத்துக்கினு கீழ சங்கராபுரம் சந்தைக்குப் போய் வந்தோங்க. வந்ததும் ஜொரம். இப்ப இன்னாடான்னா பஸ்ல ஏறுனா, மலையிலேர்ந்து ஒட்டிக்கினு வரீங்க, எறங்குங்கன்றாங்க. எம் மவ மாசமா இருக்குதுங்க. அதுக்கு ஜொரம் ஒண்ணும் இல்ல. ஸ்கேனுக்கு வரச் சொன்ன நாளு போயே போச்சு." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்: "யாரு யாருக்கு ஒட்டுனாங்கன்னு உங்க மெஷினு சொல்லுங்களா?"

"பாக்கறேம்மா" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்த பதில் வேறு.

4. திரை

மறுநாள் காலை ஒவ்வொன்றையும் நானே செய்தேன். யாரையும் பக்கத்தில் விடவில்லை. ரன் ஓடிக்கொண்டிருந்தபோது திரை முன்னால் உட்கார்ந்து, எஸ் கோடு எழும்ப வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். என் பெண்ணின் பரீட்சைக்குக்கூட அப்படி வேண்டியதில்லை. ஒரே ஒரு சாம்பிளில் எழும்பினால் போதும், ரேகா பொய்யாகிவிடுவாள்.

எல்லாச் சாம்பிளிலும் இரண்டு கோடுகளே எழும்பின. எஸ் தரையோடு கிடந்தது. ஒருவேளை கிட்டே கெட்டுப்போயிருக்குமோ என்று கூடவே வைத்து ஓட்டும் பாசிட்டிவ் கன்ட்ரோலை, மூன்று ஜீனும் இருப்பது உறுதியான சாம்பிளை, பார்த்தேன். அதில் மூன்றும் அழகாக ஏறியிருந்தன. கிட்டில் குறை இல்லை. என் கையிலும் இல்லை. ரேகாவின் கையிலும் இருந்திருக்கவில்லை.

உடனே போய்ச் சொல்ல மனம் வரவில்லை. அவள் கண்டுபிடிக்காத ஒன்றை நான் கண்டுபிடிக்க வேண்டும் என்று வெறி வந்தது. அலமேலு கேட்ட கேள்வி அப்போதுதான் உறைத்தது. ஃப்ரீசரில் சங்கராபுரம் பக்கத்துப் பழைய பாசிட்டிவ் சாம்பிள்கள் இருந்தன. பழைய கிட்டில் பார்த்தவை, எஸ் ஜீனை யாரும் தேடாதவை. எடுத்துப் புதுக் கிட்டில் போட்டேன். சிலவற்றில் எஸ் இல்லை. அவை மலையில் முதல் காய்ச்சல் வருவதற்கு முன்பே எடுத்தவை.

மேடத்திடம் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். "ரேகா சொன்னது சரிங்க மேடம். ஆனா மலையிலருந்து கீழ வரல. கீழ முன்னாடியே இருந்திருக்கு."

கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில் ஓர் அதிகாரி, "மலைப் பாதையை மூடிடலாமா?" என்று கேட்டார். மேடம் ரேகாவைப் பேசச் சொன்னார். அவள் எழுந்து, "மூடத் தேவையில்லீங்க சார். சந்தைப் பக்கத்துலதான் மொதல்ல இருந்திருக்கு. கண்டுபுடிச்சது அக்கா" என்று என்னைக் காட்டினாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே முதலில் வந்துவிட்டதே என்றுதான் எரிந்தது.

பாதையை மூடவில்லை. மலைக்காரர்களை இறக்கிவிடக் கூடாது என்று பஸ்காரர்களுக்கு உத்தரவு போனது. அலமேலுவின் மகள் ஸ்கேனுக்கு வந்து போனாள். குழந்தை நன்றாக இருப்பதாக நர்ஸ் சொன்னார். சென்னையிலிருந்து சீக்வென்சிங் ரிப்போர்ட் வந்தபோது அலையே வடிந்திருந்தது. மலை, சந்தை இரண்டு இடத்துச் சாம்பிளும் ஒரே வகை என்று அதில் இருந்தது.

5. ரேகா சொன்னது

பிறகு ரேகாவுக்குச் சென்னையில் நிரந்தர வேலை கிடைத்தது. விடைபெற வந்தவள் கேட்டாள், "எம் மேல கோவமாக்கா?"

"கோவம் இல்ல. பொறாம" என்றேன். அன்றைக்கு ஏனோ மறைக்கத் தோன்றவில்லை.

அவள் சிரித்தாள். "தெரியும்க்கா. அன்னிக்கி நீங்க சரின்னு சொன்னதும் மேடம் மறுபேச்சு இல்லாம ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டாங்க, பாத்தீங்களா? எந் தப்பத் தேடிக்கினு இருக்கற ஆளே சரின்னுட்டா, அதுக்கு மேல யாருக்கா செக் பண்ணணும்?"

இப்போது லேபில் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கூட வேலை செய்கிறவர் மேல் பொறாமை வரும், எனக்கு இன்னமும் வருகிறது. வந்தால் அவர் ரன்னைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். கன்ட்ரோல் வைத்து ஓட்டுங்கள். அவர் சொன்னது சரியாக இருந்தால், வயிறு எரிந்தாலும் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.