பெரியப்பா என்னும் மேலவை

“ஓ லெவல் முடிச்சாச்சுல்ல. அதுக்கு மேல படிச்சு, பொம்பளப் புள்ள பார்லிமெண்ட்லயா போய் உட்காரப் போவுது?” என்று பெரியப்பா என்னைக் கேட்டார்.

அப்போது எனக்குப் பதினாறு வயது; உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வான ஓ லெவலில் தேறியிருந்தேன். எங்கள் வீட்டில் உயர்நிலைப்பள்ளியைப் பார்த்த முதல் ஆள் நான் என்பதால், எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மனப்பாடமாக இருந்தது. மக்கள் வாக்களித்து அமைக்கும் கீழவை சட்டம் இயற்றும். பிறப்பாலும் நியமனத்தாலும் வந்தவர்களின் மேலவை அதைத் திருத்தச் சொல்லலாம், ஏறக்குறைய ஓராண்டு தள்ளிப்போடலாம். ஒரேயடியாகத் தடுக்க முடியாது. சிங்கப்பூருக்கு ஓர் அவையே போதுமாக இருந்தது. பூன் லேயில் எங்கள் மூவறை வீட்டுக்குத்தான் இரண்டு தேவைப்பட்டன. அப்பாவும் அம்மாவும் எடுக்கும் முடிவு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிக் கேலாங்கில் பெரியப்பாவிடம் போகும். அவர் தலையசைக்காமல் ஒரு குளிர்பதனப் பெட்டிகூட எங்கள் வாசலைத் தாண்டியதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படியான தொடக்கக் கல்லூரியில் நான் சேரும் விஷயமும் அப்படித்தான் போனது. பெரியப்பாவோ, ஜூரோங்கில் ஒரு ரேடியோ தொழிற்சாலையில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்.

“ஒரு வருசம் வேலைக்குப் போகட்டும். காலேஜ் எங்க ஓடிடப் போவுது? அப்புறம் பார்க்கலாம்லா.”

“நீங்க தள்ளித்தான் போடலாம் பெரியப்பா, தடுக்க முடியாது,” என்று தொடங்கி, இரண்டு அவைகளையும் விளக்கி முடித்தேன். அப்பா தரையைப் பார்த்தார். பெரியப்பா சிரித்துவிட்டார்.

“அப்ப நான் மேலவை. சரி, உங்கப்பனுக்கு யாரு ஓட்டுப் போட்டா?”

பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. “இப்பப் போடலாம்,” என்றேன்.

“அதையும் பார்த்துடுவோம். இவ காலேஜுக்குப் போகணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க!”

என் கை மட்டும் உயர்ந்தது. அப்பாவின் கை முழங்காலை விட்டு நகரவில்லை. அப்போது, பெரியப்பா முன்னால் அதுவரை உட்கார்ந்ததோ வாய் திறந்ததோ இல்லாத அம்மா, சமையலறை வாசலில் நின்றபடி கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

“அவ படிக்கட்டும் மாமா. மத்ததை நான் பார்த்துக்குறேன்.”

பெரியப்பாவின் சிரிப்பு நின்றது. அதன் பிறகே அப்பாவின் கையும் மெல்ல எழுந்தது.

திரும்பும் பஸ்ஸில், மேலவையை வீழ்த்திய விதத்தை, அவ்வளவு நேரமும் வெளியே விளையாடிக்கொண்டிருந்த என் தம்பிக்கு நான் விளக்கிக்கொண்டே வந்தேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோகும் தொழிற்சாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம், பெரியப்பா எனக்காகப் பிடித்து வைத்த ரேடியோ தொழிற்சாலை வேலைக்கு அம்மா கம்பெனி பஸ் ஏறினார். மாலையில் ஈயம் உருக்கிய வாடையோடு திரும்புவார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்றார். நம்பினேன். அன்று வென்றது என் வாதம் என்றும் நம்பினேன்.

இந்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் துறையில் சேர்ந்திருக்கிறேன். அம்மாவிடம் கேட்டேன், பதிந்துகொண்டேன். கேலாங்கில் பெரியப்பாவுக்குப் பிறகுதான் சொன்னோம்.