அண்ணாச்சியின் காலும் என் கையும்

கார் ஓட்டுநர் உரிமம் என்னிடம் எட்டு வருஷமாக இருந்தது. கார் ஓட்டத்தான் தெரியாது. அது எனக்கே தெரியாமல் இருந்ததுதான் வேடிக்கை.

கல்யாணமான புதிதில் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஸ்கூட்டர் கூட ஓட்டியதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் லைசென்ஸ் எடுக்கிறார்களே என்று நானும் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அதை நடத்திய அண்ணாச்சிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அவருடைய வெள்ளைக் காரில் என் பக்கம் மூன்று பெடல், அவர் பக்கமும் மூன்று பெடல். அவருடையது அவசரத்துக்கு மட்டும் என்று சொன்னார்.

"சிஸ்டர், நீங்க ஸ்டியரிங்க மட்டும் பிடிங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

சொன்ன வாக்கை மனிதர் காப்பாற்றினார். இருபது நாளும் மற்றதையெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். நான் காலை வைத்தேன், வண்டி போனது. காலை எடுத்தேன், வண்டி நின்றது. இவ்வளவுதானா கார் என்று எனக்கு ஒரே பெருமை. வீட்டில் போய் என் வீட்டுக்காரரிடம், "எல்லாரும் பயந்து சாவுதாங்க, இதுல என்ன இருக்கு?" என்று அலட்டிக்கொண்டேன். கடையம் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய் மோட்டார் பம்பு பழுது பார்க்கிறவர் அவர். எந்த மெஷினும் அப்படிச் சொன்ன பேச்சைக் கேட்காது என்று அவருக்குத் தெரியும். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அண்ணாச்சி எனக்கு உண்மையிலேயே கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. முதல் நாளே வண்டியைத் தென்காசிப் பெரிய கோயில் கோபுரத்துக்கு எதிரே நிறுத்தி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுச் சொன்னார்: "கோயிலக் கண்டா வலது கைய எடுத்து நெஞ்சத் தொட்டுக்கிடணும். அரை செகண்டு கண்ண மூடணும். ரோட்டுல நம்மளக் காப்பாத்துதது பிரேக்கு இல்ல, அவன்தான்." பிரேக்கில் அவர் கால் இருந்ததால் அவர் தைரியமாகச் சொல்லலாம். இந்தப் பாடத்தை மட்டும் நான் பிசகில்லாமல் படித்தேன். கோபுரம் தெரிந்தால் கை தானாக எழும், கண் தானாக மூடும்.

தேர்வு நாளன்று மைதானத்தில் அதிகாரி ஒரு வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். அவர் நின்ற இடத்திலிருந்து என் முகம் தெரியும், எங்கள் கால்கள் தெரியாது. வண்டி வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்து நின்றது. தேறிவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் அந்த லைசென்ஸில் என் போட்டோவுக்குப் பதிலாக அண்ணாச்சியின் பாதத்தைத்தான் ஒட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு அது புரியவில்லை. ஆஸ்பத்திரி முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனேன். வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றி, மாத்திரை கொடுத்து வருகிற வேலை. காரில்தான் போக வேண்டும். "லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். "இருக்கிறது" என்று சத்தியமாகத்தான் சொன்னேன். முதல் ஆறு மாதத்துக்கு நம் ஊர் லைசென்ஸே அங்கே செல்லும், அதற்குப் பிறகு அவர்கள் தேர்வை எழுதித் தேற வேண்டும். செல்லுகிற லைசென்ஸோடு முதல் நாள் ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஓரடி துள்ளி அணைந்தது. மறுபடி சாவி, மறுபடி துள்ளல். பக்கத்து இருக்கையை எட்டிப் பார்த்தேன். அங்கே பெடலும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை. அப்போதுதான் எட்டு வருஷ மர்மம் விளங்கியது. அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அதிலிருந்து மற்ற நர்ஸ்களின் காரில் தொற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். மேலதிகாரி அம்மாள் நல்லவர், ஆனால் கறாரானவர். வருஷக் கடைசிக்குள் லைசென்ஸ் எடுத்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். வேலை நிரந்தரமானால்தான் என் வீட்டுக்காரரையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொள்ள நான் விசா கேட்க முடியும். அவளைப் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. போனில் அவள் பல் விழுந்ததைப் பார்த்தேன், முளைத்ததையும் போனில்தான் பார்த்தேன்.

அங்கே டிரைவிங் வகுப்புக்கு வாங்குகிற காசைக் கேட்டால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். ஒரே ஒரு வகுப்புக் காசில் அண்ணாச்சியிடம் முழுப் படிப்பையும் முடித்து, மிச்சத்துக்குக் குடும்பத்தோடு செங்கோட்டை பார்டர் கடையில் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டு, ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிடலாம். அது போக எழுத்துத் தேர்வுக்குத் தனி, முதலுதவி வகுப்புக்குத் தனி, கண் பார்க்கத் தனி. பத்து வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு மயங்கி விழுந்தவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று ஒரு சின்னப் பையன் அரை நாள் பாடம் எடுத்தான். காசு கட்டிவிட்டதால் கவனமாகக் கேட்டேன்.

முதல் தேர்வில் சிக்னலில் வண்டி மூன்று முறை அணைந்து ஃபெயில். இரண்டாம் தேர்வுக்குள் கால் படிந்துவிட்டது. அங்கேயும் பக்கத்தில் ஓட்டுநர் பயிற்சியாளர் உட்காருவார், அவருக்கும் பெடல் உண்டு. ஆனால் அவர் கால் ஒரு தடவை பட்டால் நான் ஃபெயில். தேர்வு அதிகாரி பின்சீட்டில். அரைமணி நேரம் எல்லாம் அருமையாகப் போனது. ஒரு முக்கில் வண்டி திரும்பியதும் எதிரே உயரமாக ஒரு சர்ச் கோபுரம். சரியாக அந்த நேரத்தில் மணி வேறு அடித்தது. என் கை எழுந்து நெஞ்சைத் தொட்டது. கண் மூடியது. அரை செகண்டுதான். திறந்தபோது வலது பக்கமிருந்து வந்த ஒரு சைக்கிள்காரர் என் முன்னால் இருந்தார். பயிற்சியாளரின் கால் பிரேக்கில் இருந்தது.

தேர்வு அதிகாரி பதறிப் போய், "நெஞ்சு வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை இன்னொரு தேதி கொடுத்திருப்பார். சாமி கும்பிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் அந்த சர்ச்சை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், பிறகு ஃபெயில் என்று எழுதினார். இன்னும் ஒரு வாய்ப்புக்குத்தான் காத்திருக்க முடியும் என்று மேலதிகாரி அம்மாள் சொன்னார். அதற்கு முன்னால் எனக்குப் பதினெட்டு நாள் லீவு இருந்தது. டிக்கெட் போட்டு, தென்காசிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரும் மகளும் இருக்கிற இலத்தூருக்கு வந்துவிட்டேன்.

மறுநாளே அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "கால் சரியாயிட்டு அண்ணாச்சி, கைதான் கேக்க மாட்டேங்குது" என்று விவரம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சாமி கும்பிட்டதுக்கா ஃபெயிலு? என்ன நாடு அது!" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. "நீங்க சொல்லிக் குடுத்ததுதான் அண்ணாச்சி. காலக் குடுத்துக் கெடுத்திய, கையவும் கெடுத்திய" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. காசு வாங்காமல் தினமும் காலையில் வருகிறேன் என்றார். நான் காசு கொடுத்தேன்.

சாலையின் இடது பக்கம் போகிற ஊரில் பழகி, வலது பக்கம் போகிற ஊரில் தேர்வெழுதுவது கிறுக்குத்தனம் என்று தோன்றலாம். ஆனால் என் வியாதிக்குத் தென்காசியைவிடத் தோதான இடம் கிடையாது. தென்காசியில் புறப்பட்டு மேலகரம் வழியாகக் குற்றாலம் போய் ஐந்தருவியைத் தொடுவதற்குள் முக்குக்கு முக்கு ஒரு சாமி. பெரிய கோபுரம், பிள்ளையார், அம்மன், மாடன், வேலியோரத்தில் பெயர் தெரியாத ஒரு சூலம், நடுநடுவே சர்ச், பள்ளிவாசல். இத்தனையையும் கையெடுக்காமல் கடந்துவிட்டால் அந்த ஒற்றை சர்ச் எம்மாத்திரம்?

மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். பரீட்சை அதிகாரி வேலை அவளுக்கு. என் கை ஸ்டியரிங்கை விட்டால், "ம்மா, கை!" என்று கத்த வேண்டும். பிள்ளைக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவை அதட்ட எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்? முதல் நாள் குற்றாலம் போய்ச் சேர்வதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அண்ணாச்சியின் கால் இன்னொரு தொல்லை. காலை வைக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னதும், சீட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அது சாரல் நேரம், அருவியில் குளிக்கக் கூட்டம் குவிகிற காலம். வெளியூர் வண்டிகள் குற்றாலத்தை அடைத்துக்கொண்டு நின்றன. உடம்பெல்லாம் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக ஆட்கள் ரோட்டை ரோடு என்றே நினைக்காமல் குறுக்கே நடந்தார்கள். ஒவ்வொரு எண்ணெய் உடம்பும் குறுக்கே வரும்போது அண்ணாச்சியின் முழங்கால் துடிப்பதை ஓரக்கண்ணால் பார்ப்பேன். ஒரு தடவை நேந்திரம் சிப்ஸ் கடையிலிருந்து ஒரு குரங்கு பொட்டலத்தோடு பாய்ந்து வந்தது. அண்ணாச்சி சம்மணத்தைக் கலைக்க முடியாமல் இரண்டு கையாலும் டேஷ்போர்டை மிதித்தார். பிரேக்கை நான்தான் போட்டேன். "நிப்பாட்டிட்டியளே சிஸ்டர்!" என்று அவர் ஆச்சரியப்பட்டதில் எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கைக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "பொறப்படும்போதே பெரிய கோயில் வாசல்ல எறங்கி, வழியில உள்ள எல்லாச் சாமிக்கும் சேத்து மொத்தமா ஒரு கும்பிடு போட்டிருங்க. பொறவு எந்தச் சாமியும் ஒங்களக் குத்தம் சொல்லாது." மேலகரம் பிள்ளையாரிலிருந்து ஜெர்மனி சர்ச் வரை ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கும்பிட்டேன். பெயர் தெரியாத சூலத்துக்கு அடையாளம் சொல்லிக் கும்பிட்டேன். அது ஆச்சரியமாக வேலை செய்தது. மகளின் கத்தல் நாளுக்கு நாள் குறைந்தது. பத்து, ஏழு, நாலு என்று இறங்கி வந்தது.

மூன்றாம் தேர்வில் தேறினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அதே சர்ச் வழியாகத்தான் போகச் சொன்னார்கள், கையெடுக்காமல் போனேன், லைசென்ஸைக் கையில் கொடுத்தார்கள். நான் சொல்ல நினைத்தது ஊரில் கடைசி நாள் நடந்தது.

மறுநாள் திருவனந்தபுரத்தில் விமானம். அன்றைக்குக் காலையில் மேலகரம் தாண்டி, குற்றாலம் தாண்டி, ஐந்தருவி வரை பின்சீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே கும்மாளம். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அண்ணாச்சி டீ குடிக்க இறங்கி, என் ஜன்னல் பக்கம் வந்து குனிந்து மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், இன்னிக்கும் மூணு தடவ கைய எடுத்திய. பாப்பா ஒண்ணும் சொல்லலையே, தூங்கிட்டாளோன்னு திரும்பிப் பாத்தேன். முழிச்சுத்தான் இருக்கா."

அவர் போனதும் திரும்பி அவளைப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஏன் சொல்லல?"

இன்னொரு கோடு போட்டாள். மறுபடி கேட்டேன்.

"நீ ஃபெயிலாயிட்டா இங்கனயே வந்திருவேல்லா?" என்றாள்.

ஒன்றரை வருஷமாக நான் தின்றது, தூங்கியது, காசு மிச்சம் பிடித்தது எல்லாம் இவளை அழைத்துக்கொள்ளத்தான் என்று நினைத்திருந்தேன். இவளுடைய பிறப்புச் சான்றிதழை மூன்று இடத்தில் முத்திரை குத்தி மொழிபெயர்த்து வைத்திருந்தேன். என்னை ஜெர்மனிக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர், மேலதிகாரி அம்மாள், என் வீட்டுக்காரர், நான், எல்லாரும் ஒருவரை ஒருவர் என்னென்னவோ கேட்டுக்கொண்டோம். இவளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"எங்கூட அங்கன வாரியாட்டி?" என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

"அங்கன அருவி இருக்கா?" என்றாள்.

"நான் இருக்கிற ஊர்ல இல்ல."

"கூட்டாளிங்க?"

"போனப் பொறவுதான் கெடைப்பாங்க. கொஞ்ச நாளாகும்."

"பள்ளிக்கூடத்துக்கு யாரு கொண்டு விடுவா?"

"நான்தான். தெனமும்."

கண்ணாடியில் போட்ட கோட்டை உள்ளங்கையால் துடைத்தாள். துடைத்த இடம் வழியாக வெளியே டீக்கடையில் நின்ற அண்ணாச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நாலு தடவ கைய எடுத்தே."

"அண்ணாச்சி மூணுன்னாரே?"

"ஒரு தடவ அவரும் கும்பிட்டு கண்ண மூடிட்டாரு. நான் மூடவே இல்ல. ஒண்ணு விடாம எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்."