கம்பியில்லாமல் வந்த குரல்

மேகமலை எஸ்டேட்டில் நான் கம்பவுண்டராக இருந்தபோது ஒரு இன்ஜினியரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும் கண்களை இறுக மூடிக்கொண்டு கேட்பார். தானே செய்த வயர்லெஸ் பெட்டிகளில் ஒன்றைச் சின்னமனூர் ஆஸ்பத்திரியிலும் மற்றொன்றை எங்கள் மருந்தறையிலும் வைத்திருந்தார்.

ஒரு அடைமழையில் மலைச்சாலை சரிந்துவிட்டது. அன்று காலை தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பிள்ளை பெற்ற பெண்ணொருத்தியைத் தூக்கி வந்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. இன்ஜினியர் பெட்டியின் குமிழைத் திருகினார். இரைச்சலுக்குள்ளிருந்து சின்னமனூர் டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"அடிவயித்த அழுத்தித் தேச்சுக்கிட்டே இருங்க, விட்டுறாதீங்க!"

டாக்டரம்மா சொல்லச் சொல்லச் செய்தேன். ரத்தம் நின்றது. அவள் பிழைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா அங்கன பேசுறாக. கம்பியே இல்லாம இங்கன எப்பிடிங்கய்யா கேக்குது?" என்று இன்ஜினியரிடம் கேட்டேன்.

"படிச்சுத்தான்யா செஞ்சேன். ஆனா குரல் வாரப்ப எனக்கே மேலு சிலிர்க்குது," என்றார்.

பிறகு எத்தனையோ ரேடியோக்களைக் கேட்டுவிட்டேன். செய்தவரே அப்படி வியந்து நின்றதை வேறெங்கும் பார்க்கவில்லை.