குழல் வாயில் செருகிய மைக்

என் எச்சில் சத்தத்தை நானே முதன்முதலில் கேட்ட அன்று மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை. நான் சாக்ஸபோனில் வாசித்ததைப் பதிவு செய்து, பெருமையாகத் தன் போனில் போட்டுக் காட்டினார் என் வீட்டுக்காரர். கேட்டால் ராகத்தைக் காணோம். களுக் களுக்கென்று எச்சில், புஸ்ஸென்று மூச்சு, டொக் டொக்கென்று குழலின் மூடிகள் விழும் சத்தம், நடுவில் ஒரு எருமை அடித்தொண்டையில் கத்துகிறது. சீ, இதையா ஏழு வருஷமாக ஊதிக்கொண்டிருக்கிறேன் என்று குமட்டிக்கொண்டு வந்தது.

தூத்துக்குடியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. கீழே கடை, மேலே வீடு. வீட்டுக்காரரின் சொந்த ஊர் குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கம். அங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் மத்தியானப் பூஜைக்கு முன்னால் ஒரு மணி நேரம் கச்சேரி உண்டு. இந்த வருஷம் சாக்ஸபோன் வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. வாசிக்கிற ஆளின் பதிவை, நாங்கள் இருவரும் இருக்கிற ஊர் வாட்ஸாப் குழுவில் போட்டால் கேட்டுவிட்டுச் சொல்வார்களாம். அந்த மேடையில் நான் உட்கார வேண்டும். வேறு ஆசை எனக்குக் கிடையாது.

மைக்கை ஆன்லைனில் வாங்கிவிட்டேன். அதை எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டுக்காரர் புகுந்தார். அவர் கண்ட ஒலி நிபுணர்கள் எல்லாம் கொடைக்கு ரேடியோ செட் என்று ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள். நாதஸ்வரத்தின் வாயில் இடிக்கிற மாதிரி மைக்கை நிறுத்திவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விடுவார்கள். "சத்தம் அங்கன இருந்துதானளா வருது? உள்ள வச்சாத்தான் பூராவும் விழும்" என்று சொல்லி, சாக்ஸபோனின் அகன்ற வாய்க்குள் மைக்கைச் செருகி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். நானும் தடுக்கவில்லை. நானும் அதே கொடைகளைப் பார்த்து வளர்ந்தவள்தானே, என் புத்தியும் அவ்வளவுதான்.

அந்த எச்சில் பதிவை அழிக்கச் சொல்லிவிட்டு யோசித்தேன். சத்தம் உண்மையில் எங்கிருந்துதான் வருகிறது? வாசித்துக்கொண்டே என் காதை நகர்த்த முடியாது. அதனால் வீட்டுக்காரரை ஊதச் சொன்னேன். அவர் கன்னத்தை உப்ப வைத்து ஊத, நான் எதிரே நின்று மூடிகளை அமுக்கி, காதைக் குழலின் மேலும் கீழும் கொண்டுபோனேன். எல்லாத் துளைகளையும் அடைத்தால்தான் சத்தம் அந்த அகன்ற வாய்க்குப் போகிறது. மற்றபடி குழலின் உடம்பில் எந்தத் துளை திறந்திருக்கிறதோ அங்கிருந்து வருகிறது. வாய்க்குள் மைக்கைச் செருகினால் எச்சிலும் எருமையும் தவிர வேறென்ன விழும்? ஊதுகிற முனையில் செருகியிருந்த, அவர் எச்சிலில் ஊறிய நாணல் ரீடை இரண்டு விரலால் பிடித்துக் குப்பையில் போட்டேன்.

"எம் எச்சி ஒனக்கு அவ்வளவு அருவருப்பா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

அடுத்த தொல்லை இடம். மாடியில் டைல்ஸ் தரை, குளியலறையில் பாடுகிற மாதிரி எதிரொலி. வெளியே துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ஓயவே ஓயாது. கடைசியில் கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனுக்குப் போனேன். எலிப் புழுக்கை, கருவாட்டு வாடை, மூச்சு விட்டால் தவிட்டுத் தூசி. ஆனால் சுற்றிலும் அரிசி மூட்டை, கை தட்டினால் சத்தம் அங்கேயே அடங்கிவிடுகிறது. எண்ணெய் டின்களை அடுக்கி, வாசிக்கும்போது குழலில் இருக்கும் என் இடது கை உயரத்துக்கு மைக்கை வைத்தேன். ஒரு கை நீட்டும் தூரம், மூச்சு நேராக அடிக்காதபடி கொஞ்சம் விலக்கி. கடை சாத்தியிருந்த மத்தியானத்தில் மூக்கைச் சுளித்துக்கொண்டே வாசித்தேன். கேட்டேன். குழல் குழலாகக் கேட்டது. அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரர் அதைக் குழுவில் போட்டார். கால் மணி நேரத்தில் கமிட்டித் தலைவரான அண்ணாச்சியின் குரல் பதிவு வந்தது. "ஏலே, யாருலே இது? உயிர உருக்குதானே! இந்த ஆளையே பேசி முடி."

'உருக்குதானே' என்று ஒரு ஆம்பளையைச் சொல்வதுபோலச் சொன்னதில் எனக்குச் சுருக்கென்றது. போனைப் பிடுங்கிப் பார்த்தேன். என் பதிவுக்குக் கீழே வீட்டுக்காரர் எழுதியிருந்தார்: "திருநெல்வேலிப் பக்கத்து ஆளு. நமக்கு வேண்டியவரு."

"யாருங்க அந்த ஆளு?"

"கோவப்படாதளா. ஒன் பேரப் போட்டா, பொம்பளன்னு கேக்காமலே வேண்டாம்னுருவாவ. கொடை அன்னைக்கு எவனாவது ஒருத்தன் கையில கொழலக் குடுத்து உக்கார வைப்போம். ரேடியோ செட்டுல இதப் போட்டுட்டாப் போச்சு. ஊருக்கெல்லாம் ஒன் சத்தம்தான கேக்கப் போவுது?"

எச்சில் சத்தம் கேட்ட அன்றுகூட எனக்கு இப்படிக் குமட்டவில்லை. என் மூச்சுக்கு இன்னொருத்தன் வாயசைக்க வேண்டுமாம். அதை ஒரு உபகாரம் போலச் சொல்கிறார், சிரித்துக்கொண்டே.

என் போனை எடுத்து அதே குழுவில் பேசினேன். "அண்ணாச்சி, வாசிச்சது நான்தான். நம்ம கடைக்காரர் வீட்டுப் பொம்பள. மேடையில உக்காந்து இதவிட நல்லா வாசிப்பேன்."

எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று போன் காட்டியது. வீட்டுக்காரர் கடை திறக்க இறங்கிப் போனார். மறுநாள் காலையில் அண்ணாச்சி எழுதியிருந்தார்: "நோட்டீஸ் அடிக்கணும். சாக்ஸபோனுக்கு நல்ல ஆளு யாரும் இருந்தாச் சொல்லுங்கப்பா."

அதற்குக் கீழே முதல் ஆளாகக் கட்டைவிரல் போட்டிருந்தவர் எங்கள் வீட்டுக்காரர்.