அம்மிக்கு மேலே தொங்கிய மூடி

தலையணையில் ஊசி குத்திய கோபம் அபுபக்கருக்குப் பதினெட்டு வருஷமாக ஆறவில்லை. கல்யாணமான மூன்றாம் மாதம், சந்தைக்குப் போய் வந்த அசதியில் தலையைச் சாய்த்தார், அதில் குத்தி வைத்திருந்த ஊசி காது மடலில் ஏறிவிட்டது. அதைப் பிடுங்கிய மனைவி ஜன்னத் பீவி சொன்னது ஒன்றுதான்: நல்லவேளை, ஊசி ஒடியவில்லை.

ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. பொன்னமராவதிச் சந்தையில் மிளகாய் விற்றுவிட்டு அவர் வீடு திரும்பினால் கால் வைக்க இடமிருக்காது. அம்மியடியில் பாதி பின்னிய ஓலைப்பெட்டி, அதற்கு மேலே ஆணியில் ஒரு மூடி, கதவுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி, கட்டிலுக்குக் கீழே ஓரம் கட்டாத விசிறி, குதிர்மேல் பூவேலை நின்றுபோன தொழுகைத் தொப்பி. கேட்டால், ஓலை இளசாக இருக்கும்போதே எல்லாப் பெட்டிக்கும் அடி போட்டுவிட வேண்டும், முற்றினால் மடிப்பில் ஒடியும், பெட்டியின் சுவரைத் தண்ணீர் தெளித்து எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்பாள். அபுபக்கருக்கு அது சோம்பேறிச் சாக்காகவே பட்டது.

ஐம்பத்தேழாம் வருஷம் மகள் பரக்கத் நிஷாவுக்கு நிக்காஹ் குறித்தார்கள். பன்னிரண்டு நாள் இருந்தது. நாளைக்கு வருகிறோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியனுப்பினார்கள். தாயும் மகளும் சொந்தங்களை அழைக்கப் போயிருந்த காலையில் அபுபக்கர் வீட்டை ஒழுங்கு பண்ண இறங்கினார். கையில் அகப்பட்டதையெல்லாம் சாக்கில் போட்டார். பானை சுடும் மூக்காயி தெருவில் போனாள். சூளை பற்றவைக்க ஆகுமே என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மதியம் வந்த ஜன்னத் பீவி அம்மியடியைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நிஷா பெட்டியெல்லாம் எங்கங்க?”

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பணியாரம் கொண்டுபோகும் பதினோரு மூடிப்பெட்டிகள் அவை. கடைப்பெட்டியில் கொண்டுபோனால் பெண்ணுக்குக் கைவேலை தெரியாது என்று ஊர் பேசும். புதிதாகப் பின்னினால் அடி போடவே பத்து நாள் போய்விடும்.

அபுபக்கர் செருப்புக்கூடப் போடாமல் கண்மாய்க்கரைக்கு ஓடினார். தூரத்திலேயே சூளைப்புகை தெரிந்தது. அதற்குப்பிறகு காலில் குத்திய முள் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

சாக்கு வேப்பமரக் கிளையில் தொங்கியது. மூக்காயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அடி போட்ட பெட்டிய எந்தப் பொம்பளையும் எரிக்கக் குடுக்க மாட்டா, ராவுத்தரே. இது ஒங்க வேலதான்னு தெரியும். சாயங்காலம் நானே கொண்டாந்து, ஒங்க வீட்டம்மாகிட்ட நாலு வார்த்த கூடச் சேத்துச் சொல்லலாம்னு இருந்தேன். கெடுத்துட்டீங்க.”

அபுபக்கர் மண்ணில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பேச்சு வாங்கியும் மனசு அவ்வளவு குளிர்ந்துபோனது அதுதான் முதல் தடவை.

வீட்டில் சாக்கைக் கொட்டியதும் அடுத்த சிக்கல். மூடி சின்ன வேலை, எல்லாம் முடிந்திருந்தன. பெட்டிகள் பாதிதான் ஏறியிருந்தன, மூடியைப் போட்டுப் பார்க்க முடியாது. ஜன்னத் பீவிக்கு அளவுகோல் எல்லாம் இல்லை. மூடியை அதன் பெட்டிக்கு நேர் மேலே மாட்டி வைப்பாள், அவ்வளவுதான். இப்போது எதற்கு எது என்று தெரியாமல் கலந்து கிடந்தன. அவள் ஒன்றை எடுத்தாள், வைத்தாள், தலையில் கைவைத்தாள்.

“அந்த ஊதா ஓரம் அம்மியடியில கெடந்தது,” என்றார் அபுபக்கர். “நோன்புக்கு முந்தி என் பெருவிரலக் கிழிச்சது. அதுக்கு மூடி அந்தச் செவப்புக் கோடு, குனிஞ்சு நிமிந்தா தலையில இடிக்கும். இது கதவுக்குப் பின்னால கெடந்தது. இதுல மொளகா வத்தலக் கொட்டி வச்சு ஒங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

ஆறு மாசமாக வைதுகொண்டே எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தார் மனுஷன். பதினொன்றும் ஜோடி சேர்ந்தன. நிஷா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னத் பீவிக்கு முகம் தெளிந்தது. ஒரு பெட்டியை மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்தாள். மற்றதையெல்லாம் இருந்த இடத்திலேயே வைத்துவிடச் சொன்னாள். அபுபக்கர் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தார். நாளைக்குச் சம்பந்தி வந்தால் அவர் காலிலும் இடறட்டும் என்று முணுமுணுத்தார்.

கொட்டியும் விழாமல் சாக்கின் அடியில் தொப்பி சிக்கியிருந்தது, நூல் கோத்த ஊசியோடு. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“அந்த ஊசியையும் தலகாணியிலேயே குத்தி வச்சிருங்க.”