கொழுந்து மடுவத்துச் சுவரில் இரண்டு வரிசை

மகனே, பாப்பா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நடந்தபோது நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். ஆனாலும் அதில் ஒரு பாதி உங்களுக்குத் தெரியாது. வாய் திறந்து சொல்லலாம் என்று பல தடவை பார்த்தேன், முடியவில்லை. அப்பா பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் கார்த்திகை மாதம், மடுல்சீமைப் பக்கம் நாம் இருக்கிற இதே தோட்டத்தில் நடந்தது. விடாத மழை. மலையே கண்ணுக்குத் தெரியாத மாதிரி மூட்டம்.

அதற்கு ஆறு மாதம் முன்னால் அப்பாவின் நிறை நூற்று நாற்பத்தொரு கிலோ. பதுளை கிளினிக்கில் ஏறி நின்றபோது முள் கடைசி நம்பரில் போய் முட்டிக்கொண்டது. நர்ஸ் மிஸ்ஸி தலையைச் சொறிந்துவிட்டு, "வேற எங்கயாவது பெரிய தராசு இருக்குங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் பிழைப்பே தராசுதானே. பெண்கள் பறித்துக்கொண்டு வருகிற தேயிலைக் கொழுந்தை மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் நிறுத்து, சாக்குக்கும் மழை ஈரத்துக்கும் கழித்து, மீதியைப் பேருக்கு நேராக எழுதுகிற கணக்கப்பிள்ளை நான். மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் நானே ஏறி நின்றுதான் அந்த நூற்று நாற்பத்தொன்றைக் கண்டுபிடித்தேன்.

சீனி வியாதி, முழங்கால் வலி, படுத்தால் மூச்சு அடைப்பு. இரண்டு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். "இப்படியே போனா புள்ளைங்க பெரிசாகிறதப் பார்க்க மாட்டீங்க" என்று டாக்டர் நேராகச் சொன்னார். வைகாசியில், வெசாக் வெளிச்சக் கூடுகளைக் கழற்றிய கிழமையில் கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் என் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வாழைப்பழம் அளவுக்குத்தான் மிச்சம் என்றார்கள்.

லயத்து வரிசை வீடுகளில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மாதக் கடைசியில் அரைவயிற்றோடு படுக்கிற சனங்கள் நடுவில், சாப்பாட்டைக் குறைப்பதற்கு ஒருவன் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தான் என்றால் என்ன நினைப்பார்கள்? அந்த வெட்கத்தை மறைக்க நான் பிடித்துக்கொண்ட வழி பகிடி. யார் பார்க்க வந்தாலும் சட்டையைத் தூக்கி ஐந்து சின்னத் தழும்பையும் காட்டுவேன், ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். அப்புத்தளையிலிருந்து உங்கள் பெரியம்மா வந்த அன்றும் அப்படித்தான். பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளி, "இவ அப்படியே அப்பன உரிச்சு வச்சிருக்கா" என்றார் பெரியம்மா. "ஆமா மதினி. ரெண்டு வருஷம் பார்ப்போம். ஒடம்பு கொறையலன்னா இவளையும் கூட்டிட்டுப் போயி வெட்டிட வேண்டியதுதான்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். பாப்பா, நீயும் சிரித்தாய். அது எனக்கு நல்ல ஞாபகம்.

புது வயிற்றோடு பழகுவது லேசாக இல்லை. முதல் இரண்டு கிழமை, பதினாலு நாளும் வெறும் தண்ணீர் ஆகாரம். அப்புறம் பருப்பைக் கடைந்து நாலு கரண்டி. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு நாள் ஆசைப்பட்டு உங்கள் அம்மா சுட்ட ரொட்டியில் ஒரு துண்டை அவசரமாக விழுங்கிவிட்டு, நெஞ்சுக்குள் கல் சிக்கியதுபோல முக்கால் மணி நேரம் வாசலில் குந்தி எச்சிலாகத் துப்பிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒரு சின்னக் கோப்பைதான் எனக்குச் சாப்பாட்டு அளவு. அதே மாதிரி இன்னொரு கோப்பையைப் பாப்பா எடுத்துக்கொண்டாள். "அப்பா செல்லம், அப்பா கோப்பையிலதான் சாப்பிடுவாளாம்" என்று அம்மாவுக்குப் பெருமை. எனக்கும்தான்.

முதல் மூன்று மாதம் நிறை மளமளவென்று இறங்கியது. மடுவத்துப் பலகைச் சுவரில் தார் பூசியிருக்கும் அல்லவா, அதில் சோக்கட்டியால் கிழமைக்கு ஒரு நம்பர் எழுதி வந்தேன். சப்பாத்துக்கு ஒரு கிலோ, மழைக்கோட்டுக்கு ஒரு கிலோ கழித்துத்தான் எழுதுவேன். கை அப்படியே பழகிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு வந்ததும் நின்றது. ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஐந்து கிழமை. அசையவில்லை.

இடையில் இப்படி நிற்கும், பயப்படாதீர்கள், சாப்பாட்டு முறையை விடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான்தான் கேட்கவில்லை. கொழுந்து நிறுக்கிற மாதிரி என்னையும் காலை, பகல், அந்தி என்று மூன்று வேளையும் நிறுக்கத் தொடங்கினேன்.

நாளைக்கு நீங்கள் இதைத் தோட்டத்துக்கு வெளியே யாருக்காவது காட்டினால் அவர்களுக்கும் புரிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த கிலோவைப் பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். பேரேட்டில் ஒன்று போடுகிறவனும் அரை போடுகிறவனும் நான்தான். அதனால் பெண்களுக்கு என் மேல் எப்போதும் ஒரு கண். ஒரு நாள் நான் தராசிலிருந்து வாடிய முகத்தோடு இறங்குவதைப் பார்த்த ஓர் அக்கா, "என்னங்க ஐயா, எங்க தட்டுல கொழுந்து ஏற மாட்டேங்குது, உங்க தட்டுல சதை எறங்க மாட்டேங்குது. எங்களுக்குப் போடுற மாதிரி உங்களுக்கும் அரைப்பேரு போட்டுக்குங்க" என்றார். மடுவமே சிரித்தது.

அந்தப் பகிடியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நிறை இறங்காத நாளில், "எனக்கு இன்னைக்கு அரைப்பேருதான் புள்ள" என்று அம்மாவிடம் சொல்லி, இருக்கிற சின்னக் கோப்பையிலும் பாதியை ஒதுக்கிவைப்பேன். பத்து மணிக்கு அம்மா கொடுத்தனுப்புகிற அவித்த முட்டையை மடுவத்து நாய்க்குப் போடுவேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. படி ஏறினால் கண் இருட்டியது. அப்படியும் முள் அசையவில்லை. நாய் மட்டும் கொழுத்தது. "கணக்கப்பிள்ளை இளைச்ச சதையெல்லாம் இதுமேலதான் ஏறுது" என்று பெண்கள் அதையும் விடவில்லை. ஒரு முட்டைக்கு ஒரு நாய் இப்படிக் கொழுக்குமா என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமை காலை நிறுவையில் நின்றிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் எடுத்தார். "பிள்ளை காலைக்கூட்டத்தில விழுந்துட்டா. முழிக்கிறா, திரும்ப மயங்குறா. ஒடனே வாங்க."

தராசில் இருந்த மூட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஆறு மாதம் முன்னால் என்றால் அந்த ஏற்றத்தில் ஓடியிருக்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது. பாப்பா, உன்னைத் தூக்கியபோது எனக்கு முதல் அதிர்ச்சி. கையில் பாரமே இல்லை. இருபது வருஷமாக மூட்டை தூக்கிய கை, தூக்கினாலே எத்தனை கிலோ என்று சொல்லும். நான் பெற்ற பிள்ளை இவ்வளவு குறைந்தது அந்தக் கைக்கு எப்படித் தெரியாமல் போனது?

பதுளைக்குப் போகிற ரோட்டில் த்ரீவீல் ஒவ்வொரு பள்ளமாக இறங்கி ஏறியது. அம்மா உன் காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். பிரஷரும் சீனியும் இறங்கிவிட்டன, பிள்ளை பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றார் டாக்டர். "சாப்பிடுறா டாக்டர், எங்களோடதான் சாப்பிடுறா" என்று நான் வாதாடினேன்.

மத்தியானம் நீ எழுந்து உட்கார்ந்தாய். நிறை பார்க்க மிஸ்ஸி கூப்பிட்டார். தராசில் கால் வைக்கும் முன்பே, "முப்பத்திரெண்டரை" என்றாய்.

முள் முப்பத்திரண்டரையில் நின்றது. மிஸ்ஸி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"மடுவத்துல நிறுத்தேன். சப்பாத்தோட முப்பத்தி மூணு. அரைக் கிலோ கழிச்சேன்."

"எதுக்கும்மா?"

நீ அம்மாவைப் பார்த்தாய். பிறகு உன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு, "கொறையலன்னா வெட்டுவாங்கல்ல" என்றாய்.

"யாரு அப்படிச் சொன்னது?"

"நீங்கதானே சொன்னீங்க அப்பா. பெரியம்மா வந்தன்னைக்கு."

என் வயிற்றைத் திறந்து தைத்தபோது மருந்து கொடுத்திருந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. இதற்கு மருந்து இல்லை. மகனே, உன் தங்கச்சி அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோப்பையில் பாதியைத்தான் தின்றிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுத்த ரொட்டி, சோறு எல்லாம் மடுவத்து நாய்க்கு. நான் லொறியில் மூட்டை ஏற்றப் போகிற நேரம் பார்த்துத் தராசில் ஏறியிருக்கிறாள். இறங்காத நாளில் அவளுக்கும் அரைப்பேர்.

மிஸ்ஸி என்னை வெளியே கூப்பிட்டு வைதார். நியாயமான வசவு. என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், கையில் நகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்கு வயித்த சின்னதாக்கினது பட்டினி கெடக்கவா? கொஞ்சமா இருந்தாலும் ஒழுங்கா சாப்பிடுறதுக்குத்தானே. நீங்க தட்ட தள்ளினா அந்தப் புள்ள தள்ளாம என்ன செய்யும்?" நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். பாப்பா, உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னை யாரும் வெட்ட மாட்டார்கள், அப்பா சொன்னது மடத்தனமான பகிடி என்று சொன்னேன். நீ நம்புவதற்குப் பல நாள் பிடித்தது. பாதி வைத்த கோப்பையைக் கண்டால் இன்றைக்கும் அது யாருடையது என்று கேட்டுவிடுகிறேன்.

இப்போது நீ நன்றாக இருக்கிறாய். கோப்பையை விட்டுவிட்டுப் பழைய தட்டுக்கு வந்துவிட்டாய். அண்ணன் தட்டிலும் கை வைக்கிறாய். என் நிறை நூற்றாறு. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அவ்வளவுதான். மாதம் ஒரு தடவை கிளினிக்கில் மட்டும் பார்க்கிறார்கள். சில மாதம் ஒன்று குறையும், சில மாதம் அதுவும் இல்லை. ஆனால் நான் படுத்துத் தூங்குகிறேன். உங்களோடு தேயிலை ஸ்டோர் வரைக்கும் ஏறி இறங்குகிறேன். மெதுவாகத்தான் போகும் என்று ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொன்னதை இப்போதுதான் கேட்கப் பழகியிருக்கிறேன். பிள்ளைகள் நம் வாயில் வருவதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்பதும் அந்தப் புதன்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. நம் பகிடியில் எது பகிடி என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இனி உங்களுக்குத் தெரியாத பாதி.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் தங்கிய பாப்பாவுக்கும் அம்மாவுக்கும் துணிமணி எடுக்கத் தோட்டத்துக்கு வந்தேன். வீட்டில் இரண்டு முட்டை அவித்தேன். ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெண்கள் மலைக்கு ஏறிவிட்டிருந்தார்கள். மடுவத்தைத் திறந்தேன். சுவரில் என் நம்பர்கள் தோள் உயரத்தில் இருந்தன. கீழே சாக்குகள் தொங்கவிட்டிருந்த இடத்தில் ஒரு சாக்கைத் தூக்கிப் பார்த்தேன்.

என் வரிசைக்கு நேர் கீழே, ஒரு பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில், இன்னொரு வரிசை. முப்பத்தெட்டில் தொடங்கி இறங்கி இறங்கி வந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘சப்பாத்து கழிவு’ என்று குட்டி எழுத்து. அதற்கும் பக்கத்தில் என் பேரேட்டில் இருக்கிற மாதிரியே ஒன்று, ஒன்று, அரை. கடைசியில் வரிசையாக அரை, அரை, அரை. அரையை நான் எழுதுகிற மாதிரியே, கோட்டைச் சற்றுச் சாய்த்து.

சாக்கைக் கழற்றிக் கீழே போட்டேன்.

பிறகு ஈரத்துணியால் என் வரிசையை முழுக்க அழித்தேன். பாப்பாவின் வரிசையை உடனே அழிக்க மனம் வரவில்லை. சோக்கட்டியை எடுத்து ஒவ்வொரு அரையையும் ஒன்றாகத் திருத்தினேன். எல்லாம் முழுப்பேர் ஆன பிறகுதான் துடைத்தேன்.

தராசுத் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்து முட்டையை உரித்தேன். சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, மென்று, விழுங்கி, அடுத்ததுக்குக் காத்திருந்து, இருபது நிமிஷம் எடுத்துத் தின்றேன். நாய் வந்து காலடியில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. ஒரு துண்டுகூட அதற்குப் போடவில்லை.